கயிற்றை விட்ட கை

சர்ர்… சர்ர்…

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

உதுமான் மேடேறிக்கொண்டே அதைக் கேட்டான். பெருக்குகிற ஆள் தெரியவில்லை. தர்காவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சம் நிற்கும். பிறகு மறுபடி வரும். உலகத்தில் வேறு வேலையே இல்லாதவன் பெருக்குவது போல.

உச்சிக்கு வந்ததும் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. தர்காவின் வெள்ளைச் சுவர், முற்றத்து மணல், ஈர்க்குமாறு, அதைப் பிடித்திருந்த மஸ்தான்.

"ஒரு கேள்வி கேட்கணும்" என்றான் உதுமான், மூச்சு வாங்க.

"ஸலாம் சொல்லிட்டுக் கேளு."

சொன்னான்.

"இப்போ கேளு."

"கேட்காத துஆவுக்குப் பதில் வருமா?"

மஸ்தான் நிமிரவில்லை.

"குளிக்காதவன் தலை நனையுமா?"

"நனையாது."

"மழையில போய் நின்னு பாரு."

"விளையாடாதே, பக்கீரு. உயிர் போற காரியம்."

சொன்ன பிறகு உதுமான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பழைய பழக்கத்தில் பெயர் சொல்லிவிட்டான்; ஊரே மஸ்தான் என்று ஞானியாக மதித்துக் கூப்பிடுகிற ஆள். கரையைத் தாண்டியும் அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

"மன்னிச்சுக்கிடுங்க, மஸ்தான்."

"'ங்க' எதுக்குடா? குர்ஆன் ஓதப் போன காலத்துல லெப்பை கையில ஒரே பிரம்பால அடி வாங்கினவங்க நாம. உனக்குத்தான் ரெண்டு கூட விழும்."

"உனக்குத்தான் கூட."

"சரி, எனக்குத்தான். உட்காரு."

உதுமான் உட்கார்ந்தான். இரண்டு கையையும் இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

*

அந்தக் கரையில் சங்கு குளிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு.

கடலுக்குள் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு கட்டுவான். அதன் மறுமுனையை வள்ளத்தில் இருந்து பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். அப்பன் பிடிக்கக் கூடாது. அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது. உயிர்க் கூட்டாளியும் கூடாது.

காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கூடப்பிறந்தவள் வெள்ளைத் துணி உடுத்துவதைப் பார்க்க எவன் மனம் ஒப்பும்? அவன் கயிற்றை விடமாட்டான்.

கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டுவான். மேலே இருப்பவன் இழுப்பான். அவ்வளவுதான் வேலை. ஒரு மனிதனின் மூச்சு இன்னொருவன் கையில் இருக்கும்.

உதுமான் பிடித்தது தங்கை செய்னம்பின் புருஷன் கலந்தருடைய கயிற்றை.

நடந்ததைப் பற்றிக் கரையில் எல்லோரும் சொன்ன கதை ஒன்றுதான். கலந்தரின் கயிறு சுண்டியது. உதுமான் இழுத்தான். கடலடிப் பாறையில் எங்கோ சிக்கிய கயிறு வரவில்லை. உதுமான் கயிற்றைப் போட்டுவிட்டு, துஆ கேட்டு இரண்டு கையையும் இறைவனிடம் ஏந்தினான். ஏந்திய கை இறங்குவதற்குள் கலந்தரின் தலை தண்ணீருக்கு மேல் வந்தது.

பக்கத்து வள்ளங்களில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தது இது.

*

"நானும் கேள்விப்பட்டேன்" என்றார் மஸ்தான். "பிழைச்சதுக்குக் கலந்தர் இங்கேதான் நேர்ச்சை போட்டான். நெய்ச்சோறு. உன்னைத்தான் காணோம்."

"வர முடியலை."

"ஏன்?"

"நான் துஆ கேட்கலை, பக்கீரு."

ஈர்க்குமாறு நின்றது.

"பின்னே என்ன பண்ணினே?"

"கையைப் பார்த்தேன்."

உதுமான் மணலைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நார்க்கயிறு. இழுத்தேன், வரலை. காலை உதைச்சுக்கிட்டு இழுத்தேன். வரலை. உள்ளங்கை கிழிஞ்சு ரத்தத்துல வழுக்குது. அப்பவும் இழுத்தேன். கடைசியில விரல் தானா விரிஞ்சிருச்சு. கயிறு ஓடிருச்சு. கையைத் திருப்பிப் பார்த்தா தோலே இல்லை. வாயைப் பிளந்துக்கிட்டு அதையே பார்த்துட்டு நின்னேன்."

"அதைத்தான் ஊரு பார்த்துச்சா?"

"அதைத்தான்."

"அப்போ மனசுல என்ன இருந்துச்சு?"

"எரியுதுன்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்லை. அல்லாஹ்வை நினைக்கலை. செய்னம்பை நினைக்கலை. கீழே கிடக்கிறவனைக்கூட நினைக்கலை. எரியுது, எரியுதுன்னு மட்டும்தான்."

காற்று வீசியது. பெருக்கிய இடத்தில் மறுபடி மணல் படிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"கலந்தர் என்ன சொன்னான்?"

"கயிறு பாறையைச் சுத்தி அவனை அதோட சேர்த்துக் கட்டிப் போட்டிருக்கு. நான் இழுக்க இழுக்க இறுகியிருக்கு. திடீர்னு தளர்ந்துச்சாம். உருவிக்கிட்டு மேலே வந்துட்டான். 'மச்சான், மேலே நீங்க கை ஏந்தின நேரமும் கீழே கயிறு தளர்ந்த நேரமும் ஒண்ணு'ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கான்."

"ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான். ஆனா நான் ஏந்தலையே!"

*

"இதை அவங்ககிட்டே சொல்ல வேண்டியதுதானே?"

உதுமான் தலை குனிந்தான்.

"முதல் நாள் சொல்லலை. எல்லாரும் கையைப் பிடிக்க வந்தாங்க. பெருமையில நெஞ்சு நிறைஞ்சிருந்துச்சு. துணியைச் சுத்திக் கையை மறைச்சேன். கேட்டவங்ககிட்டே அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் சொன்னேன். பள்ளிவாசல்ல வச்சே சொன்னேன். நான் துஆவே கேட்கலைன்னு."

"என்ன சொன்னாங்க?"

"'எவ்வளவு அடக்கம் பாருங்க'ன்னாங்க."

மஸ்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பாகை அவிழும் அளவுக்குச் சிரித்தார்.

"சிரிக்காதேடா."

"சரி, சரி. சொல்லு."

"காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிட்டு வந்து ஓதி ஊதச் சொல்றாங்க."

"ஊதுறியா?"

"தாய்மாருங்க முகத்தைப் பார்த்தா எப்படி முடியாதுன்னு சொல்றது? ஊதுறேன்."

"சரியாகுதா?"

"சில பிள்ளைகளுக்கு ஆகுது."

"அது இன்னும் கஷ்டமாச்சே."

இந்த முறை உதுமானுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது.

"கலந்தர் பள்ளிவாசல் பக்கம் தலைவச்சுப் படுக்காதவன். இப்போ அஞ்சு வேளையும் முதல் வரிசையில நிக்கிறான். 'காக்கா, அண்ணனா நீங்க கேட்ட துஆவால என் வீடு வீடாச்சு'ன்னு செய்னம்பு அழுகிறா. அவ முகத்துக்கு எதிரே நான் என்னத்தைச் சொல்ல?"

"சொல்லாம விட்டா என்ன? நல்லாத்தானே போகுது?"

"நல்லாப் போனா நான் ஏன் இந்த மேடு ஏறி வர்றேன்?"

*

சுலைமான் என்பவனுக்கு நேர்ந்ததை உதுமான் மஸ்தானிடம் சொன்னான்.

சுலைமான் இன்னொரு வள்ளத்தில் தன் மச்சானுக்குக் கயிறு பிடிப்பவன். நல்லவன், பயந்தவன். முந்தின நாள் அவன் கையில் கயிறு சுண்டியது.

"இழுத்தானா?" என்று கேட்டார் மஸ்தான்.

"இழுக்கலை. கயிற்றைக் கீழே வச்சுட்டான். ரெண்டு கையையும் ஏந்திட்டான். 'உதுமான் காக்கா செஞ்ச மாதிரி'ன்னு கத்தினானாம்."

மஸ்தான் ஈர்க்குமாற்றைச் சுவரில் சாய்த்தார்.

"கீழே இருந்தவன்?"

"தானா நீந்தி வந்தான். மூக்குலயும் காதுலயும் ரத்தம். உயிருக்குப் பயமில்லைன்னு வைத்தியர் சொல்லிட்டாரு. காது போயிருச்சு. பக்கத்துல நின்னு கத்தினாலும் கேட்கலை."

"சுலைமான் எங்கே?"

"என் வாசல்லதான் கிடந்தான். அவன் துஆவுல ஈமான் பத்தலையாம், நம்பிக்கை குறைஞ்சதாலதான் பலிக்கலையாம். 'எப்படிக் கேட்டீங்க காக்கா, என்ன ஓதினீங்க, எனக்கும் சொல்லிக்கொடுங்க'ன்னு காலைப் பிடிக்கிறான். நான் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பேன்? எரியுதுன்னா?"

உதுமான் மடியில் இருந்த கைகளை இன்னும் இறுக்கினான்.

"நாளைக்குக் கலந்தர் மறுபடி இறங்குறான். அன்னிக்கு அப்புறம் இப்பத்தான். கயிறு நான் பிடிக்க வேண்டாமாம். என்னை வள்ளத்து முனையில பாய் போட்டு உட்கார வைப்பாங்களாம். கை ஏந்திக்கிட்டே இருக்கணுமாம், எல்லா வள்ளத்துக்கும் சேர்த்து."

"கயிறு யார் கையில?"

"சுலைமான் கையில. என் பக்கத்துல நின்னு பிடிச்சா அவன் ஈமான் உறுதியாகும்னு கலந்தரே சொல்லிட்டான்."

"சுலைமான் கலந்தருக்கு என்ன உறவு?"

"ஒண்ணுமில்லை."

மஸ்தான் பெருமூச்சு விட்டார்.

"கயிறு சுண்டும், பக்கீரு. அவன் விட்டுட்டுக் கை ஏந்துவான். நான் ஏற்கெனவே ஏந்திக்கிட்டு இருப்பேன். ரெண்டு பேரு கையும் மேலே இருக்கும். என் மாப்பிள்ளை கீழே கிடப்பான்."

"நீ நிஜமாவே கேளேன். நாளைக்காவது?"

"முடியலையே! தொழுதுட்டுக் கையைத் தூக்கினா கள்ளனாட்டம் இருக்கு. என் கைக்கே என்னைத் தெரியும். அதான் மூடிக்கிட்டே திரியறேன்."

மடியில் மூடிக் கிடந்த இரண்டு கைகளையும் மஸ்தான் பார்த்தார்.

பிறகு ஈர்க்குமாற்றை எடுத்து நீட்டினார்.

"பெருக்கு."

"என்னது?"

"முற்றம் பூரா மணல். பெருக்கு."

*

உதுமான் வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வது? கேள்வி கேட்க வந்தவன் சொன்னதைச் செய்ய வேண்டும்.

குனிந்து பெருக்கினான். ஈர்க்குமாற்றின் கட்டு, ஆறியும் ஆறாத உள்ளங்கையில் உரசியது. பல்லைக் கடித்துக்கொண்டான். வாசல் வரை பெருக்கினான். பின்னாலேயே காற்று வந்து மணலைப் பரப்பியது. திரும்பி வந்து மறுபடி பெருக்கினான்.

"அந்த மூலை" என்றார் மஸ்தான்.

மூலைக்குப் போனான்.

"இந்தப் பக்கம் விட்டுட்டே."

இந்தப் பக்கம் வந்தான். கண்ணில் நீர் முட்டியது. மஸ்தான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போதும் என்று சொல்லவே இல்லை.

ஒரு கட்டத்தில் விரல்கள் விரிந்தன. ஈர்க்குமாறு விழுந்தது. உதுமான் இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றான். புதுத்தோல் ஓரிடத்தில் பிளந்து சிவந்திருந்தது.

மஸ்தான் எழுந்து உள்ளே போனார். ஒரு வாழைப்பழத்தோடு வந்தார். விரிந்திருந்த கையில் அதை வைத்தார்.

உதுமான் பழத்தைப் பார்த்தான். மஸ்தானைப் பார்த்தான்.

"நான் கேட்கலையே?"

"நீ கேட்கலை" என்றார் மஸ்தான். "கை கேட்டுச்சு."

*

உதுமான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் எழவில்லை. பழம் கையில் இருந்தது. உரிக்கத் தோன்றவில்லை.

மஸ்தான் ஒரு மண்சட்டியில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கைகளைக் கழுவிவிட்டார். ஏதோ எண்ணெயைத் தடவினார். ஒரு காலத்தில் அதே கைகளில் பிரம்படிக்கு இருவரும் மாறி மாறி எச்சில் தடவிக்கொண்டது உண்டு.

"ஒண்ணு மட்டும் புரியலை" என்றான் உதுமான் கடைசியில்.

"ஒண்ணு மட்டும்தானா? கெட்டிக்காரன்."

"நாளைக்குக் கயிறு என் கைக்கு வந்தா, அது மறுபடி சிக்கினா, இழுக்கவா? விடவா?"

"அன்னிக்கு எப்போ விட்டே?"

"நான் எங்கே விட்டேன்? கைதான் விட்டுச்சு."

"அதுவரைக்கும்?"

"இழுத்தேன்."

மஸ்தான் அடுத்த சொட்டு எண்ணெயை விட்டார்.

"ஆனா இழுத்ததுதானே அவனைப் பாறையோட நெரிச்சுது!" என்றான் உதுமான். "நான் இன்னும் கொஞ்சம் பலசாலியா இருந்திருந்தா அவனைக் கொன்னிருப்பேன்."

"அது உனக்கு மேலேயிருந்து தெரிஞ்சுதா?"

"எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தான்ல."

உதுமானுக்கு உடம்பு சிலிர்த்தது.

எழுந்து மேட்டில் பாதி ஏறியவன் திரும்பிப் பார்த்தான்.

"இதை அவங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்? சொன்னா நம்ப மாட்டாங்களே?"

"சொல்லித்தான் பார்த்துட்டியே" என்றார் மஸ்தான்.

மறுபடி ஈர்க்குமாற்றை எடுத்தார்.

*

காலையில் கரையில் வள்ளம் தயாராக இருந்தது.

முனையில் பாய் விரித்திருந்தார்கள். யாரோ சாம்பிராணிகூடப் போட்டிருந்தார்கள். கலந்தர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நின்றான். மற்ற வள்ளத்துக்காரர்களும் வந்து சூழ்ந்திருந்தார்கள். சுலைமான் வள்ளத்துக்குள் குனிந்து, ஊறிய தண்ணீரை ஓலைப்பட்டையால் இறைத்துக்கொண்டிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"வாங்க மச்சான்" என்றான் கலந்தர். "பாயில உட்காருங்க. நீங்க இருக்கும்போது எனக்கு என்ன பயம்?"

உதுமான் உட்காரவில்லை.

இரண்டு கையையும் அவன் முன்னால் நீட்டினான். மூடியிருந்த விரல்களை விரித்தான்.

எல்லோரும் துஆ என்று நினைத்து அவசரமாகத் தலையை மூடினார்கள். சிலர் ஆமீன் என்றார்கள்.

உதுமான் கையை உயர்த்தவில்லை. கலந்தரின் முகத்துக்கு நேரே பிடித்தான். பிறகு அடுத்தவன் முகத்துக்கு. பிறகு அடுத்தவன். ஆமீன் ஒவ்வொன்றாக அடங்கியது.

உள்ளங்கை முழுக்க நார்க்கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. நடுவில் தோல் இன்னும் மூடவில்லை.

சுலைமான் இறைப்பதை நிறுத்தியிருந்தான்.

"காக்கா" என்றான் மெதுவாக. "இது எப்போ ஆச்சு?"

"அன்னிக்குக் கை விரிஞ்சுச்சே. அதுக்கு முன்னாடி, இழுத்து இழுத்து."

அலை வந்து வள்ளத்தின் அடியைத் தட்டிவிட்டுப் போனது.

சுலைமான் ஓலைப்பட்டையைக் கீழே வைத்தான். தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். ஈரமாக, வழவழப்பாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. வெகுநேரம் பார்த்தான். அவன் தோள்கள் குலுங்கின.

"எனக்குத் தெரியாது காக்கா. என் மச்சான் காது..."

உதுமான் வள்ளத்தில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கும் தெரியாது, தம்பி. அன்னிக்கு எனக்கும் ஒண்ணும் தெரியாது."

கலந்தர் அங்கேயே நின்றிருந்தான். கயிற்றை எடுத்து இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டான். மறுமுனையை உதுமானின் உள்ளங்கையில், காயம் ஆறிய பக்கமாகப் பார்த்து வைத்தான்.

"எரியும், மச்சான்."

"எரியட்டும், மாப்பிள்ளை. ஏறு, போய் இறங்கலாம்."

யாரோ பாயைச் சுருட்டினார்கள்.

சுலைமான் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். ஓலைப்பட்டையை எடுத்தான். வள்ளத்துக்குள் இன்னும் தண்ணீர் இருந்தது. குனிந்து இறைக்கத் தொடங்கினான்.